இல்லாத வேண்டுதல்

பேனா பிடித்துக் கடிதம் எழுதி எத்தனையோ வருஷமாகிவிட்டது. நீ அமெரிக்கா போன முதல் வருஷம் நாலு கடிதம் போட்டேன். அப்புறம் வீட்டுக்குப் போன் வந்தது, என் கையெழுத்து போயிற்று. எழுத்து கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள். போனில் இதைச் சொல்ல என்னால் ஆகாது. நீ "ஹலோ நைனா" என்ற மறு நிமிஷம் மழை, மாந்தோப்பு, உன் அம்மாவின் முட்டிவலி என்று ஊர்க்கதைக்குத் தாவிவிடுவேன். என்னைப் பற்றி எனக்குத் தெரியும். போன வாரம் பெங்களூரில் நீ கவுன்சலிங் போகிற அந்த அம்மாவைப் பார்த்தேன். உன் சார்பாக அவர் என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். நான் பொய் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அதைத் திருத்தத்தான் இந்தக் கடிதம். ஆனால் நேராக அதற்குப் போனால் பாதியில் எழுந்து போய்விடுவேன், அதனால் கொஞ்சம் சுற்றிக்கொண்டுதான் வருவேன்.

பொங்கலிலிருந்து தொடங்குகிறேன். அமெரிக்காவை விட்டுப் பெங்களூருக்கே வந்துவிட்ட நீங்கள் மூன்று பேரும் சித்தூர் வந்திருந்தீர்கள். உங்களுக்குக் கல்யாணமாகி எட்டு வருஷம் கழித்துப் பிறந்த பேத்தி, வீடு முழுக்கத் தவழ்ந்து, என் செருப்பை எடுத்து வாயில் வைத்து, உன் அம்மாவிடம் எனக்குத் திட்டு வாங்கிக் கொடுத்தாள். நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு முதல் முடி திருமலையில்தான். எனக்கும் அங்கேதான், கைக்குழந்தையாக இருந்தபோது உனக்கும் அங்கேதான். அது போக, உன் அம்மா தனியாக வேறு வேண்டியிருந்தாள். "இவனுக்கு இவங்க நைனா வேண்டிக்கினு மொட்டை போட்டாரு, இவன் அமெரிக்கா போனான். அதே மாதிரிதான் நான் பேத்திக்கு வேண்டிக்கினேன்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். மாட்டுப் பொங்கலன்று சாப்பிடும்போது நான் பேச்சை எடுத்தேன். நீ "வாணாம் நைனா" என்றாய். அத்தோடு விட்டிருக்கலாம். விடவில்லை. "பெரிய மனுஷன் ஆய்ட்டான், சாமிகூட வாணாமாம்" என்றேன். உன் சித்தப்பா சிரித்தான். அந்தச் சிரிப்பு கொடுத்த தைரியத்தில் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, பின்கழுத்தில் கை வைத்துத் தலையைக் குனிய வைத்து, "இப்படி ஒரு நிமிஷம், அவ்ளோதான்" என்று காட்டினேன். உன் முகம் வெளுத்துப்போனது. நீ குழந்தையைப் பிடுங்கிய வேகத்தில் இலையெல்லாம் சாம்பார். பாத்ரூமில் நீ வாந்தி எடுக்கிற சத்தம் கூடம் வரைக்கும் கேட்டது. சாயங்காலத்துக்குள் கிளம்பிவிட்டீர்கள்.

அதற்கப்புறம் மூன்று மாதம் நீ பேசவில்லை. மருமகள்தான் கூப்பிட்டாள். நீ ஆறு மாதமாக ஒருவரிடம் கவுன்சலிங் போவதாகவும், நைனா ஒரு முறை வந்தால் நன்றாக இருக்கும் என்று நீயே சொன்னதாகவும் சொன்னாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "இன்னாம்மா, பைத்தியக்கார டாக்டரா? எம்புள்ளைக்கு இன்னா கொறை?" அந்தப் பெண் சொன்னாள்: "குறைன்னு யாரும் சொல்லலை மாமா. வலின்னு சொன்னோம்." என் வாழ்க்கையில் ரொம்பப் பேர் என் வாயை அடைத்திருக்கிறார்கள், இவ்வளவு மரியாதையாக யாரும் அடைத்ததில்லை.

பஸ்ஸில் பலமனேர் தாண்டும் வரைக்கும் சண்டைக்குத்தான் தயாராகிக்கொண்டு போனேன். போனால் அங்கே வெள்ளைக் கோட்டு இல்லை, கட்டில் இல்லை. மூன்று நாற்காலி, ஒரு பாய், ஒரு தண்ணீர்ச் சொம்பு. அந்த அம்மாவுக்குச் சேலம் பக்கத்துத் தமிழ். "எங்க உக்காந்தா உங்களுக்குச் சௌகரியமா இருக்கும்? கதவு தொறந்திருக்கட்டுமா, சாத்தட்டுமா? எப்ப வேண்ணாலும் போதும்னு சொல்லிடலாம்" என்றார். முப்பது வருஷம் ஃபேக்டரியில் பாய்லர் பக்கத்தில் நின்றவனை யார் இப்படிக் கேட்டார்கள்? கதவு திறந்திருக்கட்டும் என்றேன். உன்னைப் பற்றி நீ சொல்லச் சொன்னதை மட்டும்தான் என்னிடம் சொல்வதாகவும், நான் சொல்வதையும் நான் அனுமதித்தால்தான் உன்னிடம் சொல்வதாகவும் சொன்னார். மாத்திரை கொடுக்கிறீர்களா என்று கேட்டேன். மாத்திரை தேவைப்பட்டால் அதற்கு டாக்டர் இருக்கிறார், அவரோடு சேர்ந்துதான் வேலை செய்கிறேன், ஆனால் தூக்கம், சாப்பாடு, மூச்சு, வயிறு, வீட்டு மனுஷர்கள் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும் என்றார். "நடந்ததைச் சொல்லுன்னு நான் யாரையும் அவசரப்படுத்தறதில்லைங்க. மனசு மறந்தாலும் உடம்பு மறக்காது. இப்ப பயமில்லைன்னு மொதல்ல உடம்புக்குத் தெரியணும். அதுக்கே ரொம்ப நாளாகும்."

இது எனக்குப் புரிந்தது. ஃபேக்டரியில் ஒரு ஜாயின்ட்டில் ஸ்டீம் கசிந்தால், புதிதாக வந்தவன் அந்த ஜாயின்ட்டை மட்டும் இறுக்குவான். தெரிந்தவன் பாய்லரிலிருந்து கடைசிக் குழாய் வரைக்கும் முழு லைனையும் நடந்து பார்ப்பான். ஊருக்கெல்லாம் லைன் பார்த்தவன் நான், என் பிள்ளையை ஒரு நாளும் முழுசாக நடந்து பார்க்கவில்லை. இன்ஜினியரிங் படிக்கும்போது உனக்கு ஓயாத வயிற்றுவலி, ஹோட்டல் சாப்பாடு சேரவில்லை என்றேன். எந்தக் கடைக்குப் போனாலும் சுவரில் முதுகு படுகிற மாதிரிதான் உட்காருவாய், திமிர் என்றேன். தலைக்குக் குளிக்கும்போது பாத்ரூம் கதவைச் சாத்தமாட்டாய், வெட்கம் கெட்டவன் என்றேன். சலூனுக்கே போகாமல் மெஷின் வாங்கி நீயே முடி வெட்டிக்கொள்வாய், கஞ்சன் என்று உன் மாமனார் வீட்டில் வைத்துக் கேலி செய்தேன். எல்லாரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். எல்லாக் கசிவுக்கும் ஒவ்வொரு பெயர் வைத்துக்கொண்டு போனேனே தவிர, லைன் எங்கே உடைந்தது என்று தெரிந்த ஒரே ஆள் நான்தான் என்பதை யாரிடமும் மூச்சு விடவில்லை.

அப்புறம் அந்த அம்மா கேட்டார். "ஒண்ணே ஒண்ணு மட்டும் உங்க மகன் கேக்கச் சொன்னாரு. 'ஆஸ்டல்லேர்ந்து ஓடி வந்த அன்னிக்கு நான் சொன்னதை நைனா நம்பினாரா?'" நான் உடனே, "ரொம்ப வருஷம் ஆச்சுங்க, ஞாபகம் இல்லை" என்றேன். சொல்லி முடிப்பதற்குள் சொம்பை எடுத்துத் தண்ணீரை வேட்டியில் கொட்டிக்கொண்டேன். அவர் என்னைப் பொய்யன் என்று பார்க்கவில்லை. "பரவால்லைங்க. ரெண்டு காலையும் தரையில நல்லா ஊனி வெச்சுக்கோங்க. மெதுவா மூச்சு விடுங்க. இன்னிக்கு இது போதும்" என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். நீ அந்த அறையில் எத்தனை தடவை அப்படிக் காலை ஊன்றி உட்கார்ந்திருப்பாய் என்று நினைத்துக்கொண்டே எழுந்து வந்தேன். ஞாபகம் இல்லையாம்! நீ அன்றைக்குப் போட்டிருந்த சட்டை வரைக்கும் ஞாபகம் இருக்கிறது.

உன்னை ஏன் அந்த ஆஸ்டலில் சேர்த்தேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். சமாதானம் இல்லை, காரணம். என் அப்பா கங்காதர நெல்லூர் பக்கத்தில் கடைசிவரை அடுத்தவர் நிலத்தில்தான் ஏர் ஓட்டினார். நான் சித்தூரில் மாம்பழ ஜூஸ் ஃபேக்டரிக்கு வந்ததே எங்களுக்குப் பெரிய ஏற்றம். அந்த வருஷங்களில் ஊரே ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டிருந்தது. நாங்கள் காய்ச்சிய மாம்பழக் கூழ் டின் டின்னாகக் கப்பலேறிப் போயிற்று, அதன் பின்னாலேயே பிள்ளைகளும் போக ஆரம்பித்தார்கள். கம்ப்யூட்டர் படித்தால் அமெரிக்கா. அதற்கு எம்செட் என்கிற நுழைவுப் பரீட்சையில் ரேங்க் வேண்டும். ரேங்குக்கு, பத்தாவது முடித்ததுமே திருப்பதியில் ஆஸ்டலோடு சேர்ந்த காலேஜ். திருப்பதி ரோட்டில் போர்டு போர்டாக ரேங்க் வாங்கிய பிள்ளைகளின் முகங்கள் இருக்கும். பஸ் ஜன்னலில் உட்கார்ந்து அந்த முகங்களுக்கு நடுவில் உன் முகத்தை வைத்துப் பார்த்துக்கொண்டே போவேன். அந்தக் காலேஜின் பெயரை எழுத இப்போது கை வரவில்லை.

சேர்த்து நாலாவது மாதம், ஒரு சனிக்கிழமை மதியம். ஃபேக்டரியில் சீசன் முடிந்து எனக்கு வேலை குறைவு. உன் அம்மா வேர்க்கடலை பிடுங்க ஊருக்குப் போயிருந்தாள். நீ நீலக் கட்டம் போட்ட சட்டையில், ஒரு காலில் மட்டும் செருப்போடு வந்து நின்றாய். "ஓடி வந்துட்டேன் நைனா" என்றாய். அப்புறம் நிறுத்தாமல் சொன்னாய். "வாரப் பரீட்சையில மார்க் கொறைஞ்சா வார்டன் முடியைப் புடிச்சு இஸ்துக்கினு போறான் நைனா. கடைசி பாத்ரூம் வரைக்கும். தொட்டித் தண்ணியில தலையை அமுக்கிப் புடிச்சுக்கறான். மூச்சு வுட முடியலை. அரவம், அரவம்னு திட்டிக்கினே அமுக்கறான். என்னை மூணு வாட்டி." தமிழ்க்காரனைத் தெலுங்குக்காரர்கள் அரவம் என்பது எனக்குப் புதிதில்லை. நீ திரும்பி நின்று காட்டினாய். வலது காதுக்குப் பின்னால் நெல்லிக்காய் அளவுக்கு முடி வேரோடு போயிருந்தது. தொட்டுப் பார்த்தேன், விரலில் பிசுபிசுவென்று ஒட்டியது. கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு சொன்னேன்: "சொறிஞ்சிக்கினு இருப்பே. படிக்கிற புள்ளைய எவன்டா அடிப்பான்? நீ இன்னா பண்ணே? சோறு துன்னு மொதல்ல." நீ தட்டில் போட்டதைத் தின்றாய்.

இப்போது நீ கேட்டதற்குப் பதில். நம்பினேன். நீ சொன்ன ஒவ்வொரு சொல்லையும், சொல்லிக்கொண்டிருக்கும்போதே நம்பினேன். நம்பாதவன் மாதிரி பேசினேன், ஏனென்றால் நம்பினேன் என்று சொன்னால் உன்னைத் திருப்பி அனுப்ப முடியாது. அந்த மதியம் முழுக்க நீ சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாய், நான் யோசித்துக்கொண்டிருந்தேன். அனுப்பலாமா வேண்டாமா என்று யோசித்தேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. அப்படி யோசிக்கவில்லை. எப்படி அனுப்புவது என்றுதான் யோசித்தேன். முடியைப் பிடித்துத்தானே இழுக்கிறான், முடியே இல்லாவிட்டால் எதைப் பிடிப்பான்? இதுதான் என் கண்டுபிடிப்பு. தோன்றியதும் மனசு லேசாகிவிட்டது. கெட்டிக்காரன்தான் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். சாயங்காலம் உன் அம்மா வந்ததும், "இவன் ரேங்க் வாங்கணும்னு பெருமாளுக்கு வேண்டிக்கினேன். நாளைக்கு மொட்டை போட்டுட்டு அப்படியே ஆஸ்டல்ல வுட்டுடணும், அதான் வரச் சொன்னேன்" என்றேன். நான் வரச் சொன்னேன் என்பது பொய் என்று உனக்கு அப்போதே தெரியும். அந்த வேண்டுதலே பொய் என்பது உனக்கு இன்றைக்குத்தான் தெரியும். நான் எந்தச் சாமிக்கும் எதையும் வேண்டிக்கொள்ளவில்லை. ஒரு வார்டனிடம் போய்ப் பேசப் பயந்துகொண்டு, பெருமாளை இடையில் இழுத்துவிட்டேன்.

மறுநாள் திருமலையில் மொட்டை போடுகிற இடத்தில் என்ன நடந்தது என்பது என்னைவிட உன் உடம்புக்கு நன்றாகத் தெரியும். நாவிதர் தலையில் தண்ணீர் தெளித்துத் தேய்த்தார். தண்ணீர் முகத்தில் வழிந்ததும் உனக்கு மூச்சு வாங்கியது, எழுந்திருக்கப் பார்த்தாய். நாவிதர் கத்தியைத் தள்ளி வைத்துவிட்டு, "பாபுக்கு இஷ்டமேனா சாமி?" என்று என்னைக் கேட்டார். பையனுக்குச் சம்மதம்தானா என்று. காதுக்குப் பின்னால் இருந்த காயத்தைப் பார்த்துவிட்டுத்தான் கேட்டார். நாளெல்லாம் தலை தலையாகச் சிரைக்கிற மனுஷனுக்குக் கேட்கத் தோன்றியது. நான் சம்மதம்தான் என்று சொல்லி, உன் பின்கழுத்தில் கை வைத்து அழுத்திப் பிடித்தேன். "ஆட்டாதடா, கத்தி பட்டுடும்." என் கைக்குக் கீழே உன் கழுத்து நடுங்கியது. வெளியே வந்ததும், காத்திருந்த உன் அம்மா காயத்தைப் பார்த்துப் பதறினாள். நாவிதர் கத்தி பட்டுவிட்டது என்றேன். சந்தனம் பூசிக்கொண்டே அந்த மனுஷனை வாய்க்கு வந்தபடி திட்டினாள். திட்டட்டும் என்று நின்றேன்.

கீழே இறங்கி சாயங்காலம் காலேஜுக்கு வந்தோம். மலையிலிருந்து வருகிற வழியெல்லாம் தெலுங்கில் நாலு வாக்கியம் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டுதான் வந்தேன். கேட்டுவிட வேண்டும், என் பிள்ளை மேல் கை வைக்காதே என்று சொல்லிவிட வேண்டும் என்று. ஆபீஸ் ரூமில் அந்த வார்டன் எழுந்து, "கூச்சோண்டி சார்" என்று நாற்காலியைக் காட்டினான். என் அப்பன் ஆண்டைகள் வீட்டு வாசல் தாண்டியதில்லை. என்னை அதுவரை எந்த ஆபீசிலும் யாரும் உட்காரச் சொன்னதில்லை, சார் என்றதுமில்லை. உட்கார்ந்தேன். உட்கார்ந்ததும் நாலு வாக்கியமும் போயிற்று. அவன் உன் மொட்டைத் தலையைத் தட்டி, "குண்டு பாகுந்திரா" என்றான், மொட்டை அழகாக இருக்கிறதாம். நானும் கூடச் சிரித்தேன். நீ என்னைப் பார்த்தாய். அப்புறம் பையை எடுத்துக்கொண்டு படியேறிப் போனாய். திரும்பிப் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு அவன் உன்னை என்ன செய்தான், முடி இல்லாத தலையை எங்கே பிடித்தான் என்று இன்றுவரை நான் கேட்டதில்லை. நீ ரேங்க் வாங்கினாய். போர்டில் உன் முகமும் வந்தது. எல்லாருக்கும் இனிப்புக் கொடுத்தேன்.

உன் மகளை எப்படி வளர்க்க வேண்டும் என்று சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. ஆனாலும் அப்பன் புத்தி போகவில்லை, ஒன்று சொல்கிறேன். பிள்ளை ஏதாவது சொன்னால் நம்பு என்று எல்லாரும் சொல்வார்கள். நம்பினால் மட்டும் போதாது. நான் நம்பியவன், என்னைப் பார். நம்பியதை அந்த நிமிஷமே பிள்ளை காதில் விழுகிற மாதிரி சொல்ல வேண்டும், சொன்ன கையோடு எழுந்து போய் அது பக்கத்தில் நிற்க வேண்டும். யார் நாற்காலி போட்டாலும் உட்காரக்கூடாது. இது எனக்கு இந்த வயதில்தான் தெரிகிறது. உனக்கு இது நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, பொங்கலன்று குழந்தையை என் மடியிலிருந்து பிடுங்கினாயே, அன்று நான் செய்யாததை நீ ஒரு நொடியில் செய்துவிட்டாய். அந்தப் பிடுங்கலுக்கு நான் கோபித்துக்கொண்டு மூன்று மாதம் முறுக்கிக்கொண்டிருந்தேன் என்பதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

நேற்று உன் அம்மாவிடம் சொல்லிவிட்டேன். பிதுக்குப்பருப்புக்கு மொச்சையை ஊறவைத்துத் தோல் பிதுக்கிக்கொண்டிருந்தாள். நான் சொல்லச் சொல்ல அவள் கை நிற்கவில்லை. எல்லாம் முடிந்ததும் கேட்டாள், "அப்போ அது கத்தி பட்ட காயம் இல்லியா?"

"இல்லை."

"பெருமாள் பேரைச் சொல்லி எங்கிட்ட பொய் சொன்னே. அதைக்கூட வுடு. அந்த மனுஷனை நான் எப்படியெல்லாம் திட்டினேன். எம்புள்ளைய இன்னா பண்ணாங்கன்னு தெரியாம, ஊரெல்லாம் பெருமையா சொல்லிக்கினு திரிஞ்சேனே." அவள் அழவில்லை. பேத்திக்கு வேண்டியதை என்ன செய்வது என்று கேட்டேன். "எனக்கு இருக்கற முடியை நான் குடுத்துட்டு வரேன். பெருமாளுக்கும் எனக்கும் நடுவுல நீ வராதே" என்றாள். பருப்பை அப்படியே வைத்துவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு பையில் துணி எடுத்து வைத்தாள். நாளைக் காலை பஸ்ஸுக்கு அவள் மட்டும் பெங்களூர் வருகிறாள். "நீ வராதே. அவன் கூப்புட்டா வா" என்றாள். சரி என்றேன். நாற்பத்தைந்து வருஷத்தில் அவள் என்னை வராதே என்று சொல்லிவிட்டுப் போவது இதுதான் முதல் தடவை.

இந்தக் கடிதத்தை அவளிடம்தான் கொடுத்து அனுப்புகிறேன். படித்துப் பார்க்கச் சொன்னேன், அவன் முதலில் படிக்கட்டும் என்றுவிட்டாள். அந்த அம்மாவிடம் நான் சொன்ன பதிலை நீயே மாற்றிச் சொல்லலாம், அல்லது நான் வந்து என் வாயாலேயே சொல்கிறேன். நீ கூட இருக்க வேண்டும் என்றாலும் சரி, இருக்க வேண்டாம் என்றாலும் சரி, வரவே வேண்டாம் என்றாலும் சரி. மன்னித்துவிடு என்று எழுதினால் உனக்கு இன்னொரு வேலை வைத்த மாதிரி ஆகும், அதனால் எழுதவில்லை. உன் அம்மா வாசலில் உன்னைப் பார்த்ததும் தலையைத் தடவ வருவாள், தடுத்தாலும் நிற்கமாட்டாள், அது அவள் பழக்கம். தொடலாமா என்று கேட்டுவிட்டுத் தொடு என்று சொல்லியிருக்கிறேன். "பெத்த புள்ளைய தொடறதுக்குக் கேக்கணுமா?" என்றாள். கேட்கணும் என்றேன்.

நைனா